பிஷப்பிடம் சொன்னது புகார் ஆகாது

லண்டனுக்கு வெளியே ஒரு சபையில் இருபது வருஷம் பீடத்துக்குப் பூ வைத்த அக்கா ஒருவர், போன வருஷம் என்னைக் கூப்பிட்டுச் சமையலறை மேசையில் ஒரு ஃபைலைப் பிரித்து வைத்தார். சபைக் கணக்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதற்காக அங்கிருந்த குருவானவர் அவரை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தியிருந்தார். அப்புறம் மாதக்கணக்கில் மிரட்டல் மின்னஞ்சல்கள். ஃபைலில் பிஷப் அலுவலகத்துப் பதில்கள் ஆறு இருந்தன. "உங்கள் வேதனையை உணர்கிறோம், உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்று ஒன்று. பிஷப் நேரில் பார்ப்பார் என்று இன்னொன்று. பார்த்தார், இரண்டு முறை, டீ கொடுத்துப் பொறுமையாகக் கேட்டார். ஆறாவது கடிதம் நாலே வரி: முறையான புகார் எதுவும் பதிவாகவில்லை, இனிக் கொடுப்பதென்றால் காலம் கடந்துவிட்டது.

அக்கா கேட்டார்: "அப்ப நான் இவ்வளவு நாளா சொன்னது என்ன தம்பி?"

சட்டத்தின் கண்ணில் அது வெறும் பேச்சு. இது தெரியாமல் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கிலாந்து திருச்சபையில் குருக்கள், டீக்கன்கள், பிஷப்புகள் எல்லோர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வழி செய்வது 2003ஆம் ஆண்டின் கிளர்ஜி டிசிப்ளின் மெஷர் என்ற சபைச் சட்டம். 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் கொண்டுவரும் வேலை நடக்கிறது. அது நடைமுறைக்கு வரும்வரை பழையதுதான் செல்லும்; புதுசு வரட்டும் என்று யாராவது சொன்னால் காத்திருக்காதீர்கள். சி.எஸ்.ஐ., இலங்கைத் திருச்சபை ஆகியவற்றுக்கு இது பொருந்தாது.

முதலில் காலக்கெடு, ஏனென்றால் அதிகம் பேர் விழுவது இதில்தான். சம்பவம் நடந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். உங்களுக்குத் தெரியவந்த நாளோ, மனசு தேறிய நாளோ கணக்கில் வராது. தொடர்ந்து நடந்த தொல்லை என்றால் கடைசியாக நடந்த நாளிலிருந்து எண்ணலாம். ஆகவே கடைசி மின்னஞ்சல், கடைசி மிரட்டல் எந்தத் தேதி என்பதைக் குறித்து வையுங்கள். பிஷப்போடு பேசிக்கொண்டிருந்த மாதங்களுக்குக் கடிகாரம் நிற்காது. "சேஃப்கார்டிங் குழு", அதாவது சபையில் யாருக்கும் தீங்கு நேராமல் காக்கும் குழு, "பார்த்துக்கொண்டிருக்கிறது" என்று சொல்லும் மாதங்களுக்கும் நிற்காது. அந்தக் குழுவின் விசாரணை வேறு, ஒழுங்குப் புகார் வேறு. இந்த வித்தியாசத்தை அலுவலகத்தில் யாரும் தாமாக எடுத்துச் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஒரு விலக்கு உண்டு. குழந்தைகளிடமோ, தங்களைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் உள்ள பெரியவர்களிடமோ நடந்த பாலியல் முறைகேடு என்றால், 2016இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒரு வருஷக் கெடு கிடையாது. ஆனால் இதற்குள்ளும் ஒரு பொறி இருக்கிறது. பெரியவர் என்றால் அந்த நேரத்தில் அவருடைய நிலை என்ன என்பதைக் காட்ட வேண்டும். நோய், முதுமை, உடல் குறைபாடு மட்டுமல்ல, மனம் உடைந்துபோயிருந்த நிலையும் இதில் சேரும். கணவர் இறந்த துக்கத்தில் ஆறுதல் தேடிப் போன பெண்ணிடம் குருவானவர் தவறாக நடந்திருந்தால், அந்தத் துக்கத்தையும் புகாரில் எழுதுங்கள். வெட்கப்பட்டு விட்டுவிட்டால், "அவர் திடமான பெரியவர், எனவே ஒரு வருஷம்தான்" என்று முடித்துவிடக்கூடும்.

கெடு தாண்டிவிட்டால், இந்தப் புகார்களை விசாரிக்கும் திருச்சபைத் தீர்ப்பாயங்களின் தலைவரிடம் அனுமதி கேட்டுத் தனி விண்ணப்பம் போட வேண்டும். ஏன் முன்பே கொடுக்கவில்லை என்பதற்கு நல்ல காரணம் காட்ட வேண்டும். இது சுலபம் என்று யாரும் உங்களை நம்பவைக்க வேண்டாம். லிவர்பூல் பிஷப் மீது அதே திருமண்டலத்தின் இன்னொரு பிஷப் கொடுத்த புகாரே காலம் கடந்தது என்று அனுமதி கிடைக்காமல் போனது. குற்றச்சாட்டை மறுத்த லிவர்பூல் பிஷப், விஷயம் தொலைக்காட்சியில் வெளிவந்த பிறகு, 2025 ஜனவரியில் பதவி விலகினார். ஒரு பிஷப்புக்கே இந்த நிலை. எனவே விண்ணப்பத்தில் "பயந்திருந்தேன்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தத் தேதியில் யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார், யார் காத்திருக்கச் சொன்னார், மருத்துவரை எப்போது பார்த்தீர்கள் என்று நாள்வாரியாக எழுதுங்கள். அக்காவின் விண்ணப்பத்துக்கு உயிர் கொடுத்தது அந்த ஆறு கடிதங்கள்தான். ஒவ்வொன்றிலும் "சற்றுப் பொறுங்கள்" என்று அலுவலகமே எழுதியிருந்தது.

அடுத்தது, புகாரை யார் கொடுக்கலாம் என்பது. பாதிக்கப்பட்டவர் கொடுக்கலாம், நேரில் கண்டவர் கொடுக்கலாம், சபை நிர்வாகியான சர்ச் வார்டன் கொடுக்கலாம், சபைக் குழு தீர்மானம் போட்டு நியமிக்கும் ஒருவர் கொடுக்கலாம். வேறு ஊரிலிருந்து கேள்விப்பட்டு மனம் கொதிக்கும் உறவினர் கொடுத்தால், "உரிய தொடர்பு இல்லை" என்று முதல் படியிலேயே திருப்பிவிடலாம். உதவி செய்ய நினைப்பவர்கள் எழுதிக் கொடுங்கள், கூடப் போங்கள், கையெழுத்தைப் பாதிக்கப்பட்டவரே போடட்டும்.

குருவானவர் மீதான புகார் திருமண்டல பிஷப்புக்குப் போகும். பிஷப் மீதானது ஆர்ச்பிஷப்புக்கு. ஆர்ச்பிஷப் மீது என்றால் மற்ற ஆர்ச்பிஷப்புக்கு. குருவானவர் மீதான புகாருக்கும், பிஷப், ஆர்ச்பிஷப் மீதான புகாருக்கும் தனித்தனிப் படிவம் உண்டு. உண்மை என்று உறுதி சொல்லிக் கையெழுத்திட்டு, ஆதாரங்களையும் கூடவே இணைக்க வேண்டும். "ஆதாரம் பிறகு தருகிறேன்" என்றால், புகாரைப் பெறுபவர் அதற்கு அனுமதி தந்தால்தான் உண்டு. சாட்சிகள் தங்கள் வாக்குமூலத்தைத் தாங்களே எழுதிக் கையெழுத்திடட்டும். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எழுதியது யார் மீது எழுதினீர்களோ அவர் கைக்குப் போகும், உங்கள் பெயரோடு. பலர் இது தெரியாமல் எழுதிவிட்டு அப்புறம் நடுங்கிப்போகிறார்கள்.

புகார் வந்ததும் திருமண்டல ரிஜிஸ்ட்ரார், அதாவது சபையின் வக்கீல், அதில் சாரம் இருக்கிறதா என்று பார்ப்பார். இதற்கு 28 நாள் என்று விதி சொல்கிறது, நீட்டிக்கவும் இடமுண்டு. 28ஆவது நாள் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பதில் வரும்வரை போட்டுக்கொண்டே இருங்கள். பிரசங்கம் பிடிக்கவில்லை, பேச்சில் மரியாதை இல்லை என்பவை இங்கே எடுபடாது. கோட்பாடு, வழிபாட்டு முறை பற்றிய சண்டைக்கு வேறு சட்டம். சம்பளத்துக்கு வேலை செய்யும் சபை ஊழியர் மீதும் இந்த வழியில் போக முடியாது. "அவர் ரிட்டயர்டு ஆகிவிட்டார்" என்று சொன்னால் மட்டும் திரும்பி வராதீர்கள். ஓய்வு பெற்றாலும் குருப்பட்டம் போவதில்லை, புகார் செல்லும்.

இப்போது மேலே இருப்பவர்களைப் பற்றி. குருவானவரைப் பற்றிச் சொன்னீர்கள், பிஷப் ஒன்றும் செய்யவில்லை என்றால், அந்தச் சும்மா இருத்தலே தனிக் குற்றம் ஆகலாம். சேஃப்கார்டிங் விதிகளைப் பின்பற்றாததும் ஒழுங்கு மீறல்தான். ஆனால் பிஷப்புக்குத் தெரியும் என்பதை நீங்கள்தான் நிறுவ வேண்டும். நேரில் பேசினால் அன்றைக்கே "இன்று உங்களிடம் இன்னின்னது சொன்னேன்" என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

ஜான் ஸ்மித் என்ற வக்கீல் கிறிஸ்தவ முகாம்களின் வழியாக அறிமுகமான நூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர்களையும் இளைஞர்களையும் கொடூரமாக அடித்து வதைத்த விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இலேயே திருச்சபையின் மேல்மட்டத்துக்கு அது தெரியும். ஸ்மித் வழக்கைச் சந்திக்காமலே 2018இல் கேப் டவுனில் இறந்தார். 2024 நவம்பரில் இந்த விவகாரத்தை ஆராய்ந்த மேக்கின் அறிக்கை வெளியாகி, சில நாளில் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் ஜஸ்டின் வெல்பி விலகுவதாக அறிவித்தார். 2025 பிப்ரவரியில், முன்னாள் ஆர்ச்பிஷப் ஜார்ஜ் கேரி உட்படப் பத்துப் பேர் மீது நடவடிக்கை கோரப்போவதாகத் திருச்சபையே சொன்னது. அதற்கும் முதலில் காலம் கடந்த புகாருக்கான அனுமதிதான் கேட்க வேண்டியிருந்தது. சபையின் தேசிய அலுவலகமே அந்த வாசலில் நின்றது.

அடி, பாலியல் தாக்குதல், பணம் கையாடல் என்றால் முதலில் போலீஸ். பிஷப் அலுவலகம் போலீசுக்குச் சொல்லும் என்று விட்டுவிடாதீர்கள். 1990களின் தொடக்கத்தில் குளோஸ்டர் பிஷப் பீட்டர் பால் மீது, கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பின் அலுவலகமான லாம்பெத் அரண்மனைக்கு வந்த கடிதங்களில் ஏழில் ஒன்றைத்தான் போலீசிடம் கொடுத்தார்கள். அவர் சிறைக்குப் போனது 2015இல். நீங்களே போய்ச் சொல்லி, பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

விசாரணைக்குப் போனால் அதற்கென்று உள்ள சபை அதிகாரி கையில் எடுத்துக்கொள்வார், நீங்கள் வெறும் சாட்சி. தீர்ப்பாயம் பொதுவாக மூடிய கதவுக்குள் நடக்கும். அதிகபட்சத் தண்டனை வாழ்நாள் தடை. இழப்பீடு எதுவும் இந்த வழியில் கிடைக்காது.

பிஷப் புகாரைத் தள்ளுபடி செய்தால், அந்தக் கடிதம் வந்த அன்றே கெடு தேதியைப் பாருங்கள். தீர்ப்பாயங்களின் தலைவரிடம் மறுபரிசீலனை கேட்கலாம், ஆனால் அதற்கான நாள்கள் மிகக் குறைவு. அக்கா இப்போது ஃபைலின் அட்டையிலேயே ஒரு காலண்டர் தாளை ஒட்டி வைத்திருக்கிறார். கடிதம் வந்த நாளும் பதில் போட வேண்டிய நாளும் சிவப்பு மையில்.