வளையல் தளர்ந்தால் கவனியுங்கள்

"டயட் எதுவும் இல்லாமலேயே அம்மா ஒரு வருஷத்துல ஏழு கிலோ குறைஞ்சிட்டாங்க டாக்டர்" என்று மகள் சந்தோஷமாகத்தான் சொன்னார். அம்மாவுக்கு 70 தாண்டிவிட்டது, பல வருடச் சர்க்கரை. எடையைக் குறையுங்கள் என்று ஒரு காலத்தில் நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று அவர் கையைத் தூக்கியபோது வளையல் முழங்கை வரை சரிந்தது. எனக்குக் கவலையாகிவிட்டது.

"நல்லாத்தான் சாப்பிடுறேன்" என்றார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதும் மகளின் முகத்தைப் பார்த்தார். தனியாக இருப்பவர். அப்புறம் மகள் போய்ப் பார்த்தபோது ஃபிரிட்ஜில் மூன்று பாத்திரங்களில் புளித்துப்போன மாவு. குழம்பு வைப்பதையே விட்டுவிட்டாராம். மோர் சாதம்தான், அதுவும் ஞாபகம் வந்தால்.

நடுவயதில் உடல் பருமன் இருந்தால் பிற்காலத்தில் டிமென்ஷியா எனும் மறதி நோய்க்கான ஆபத்து கூடும். முதுமையிலோ, காரணமில்லாமல் இளைப்பதுதான் எச்சரிக்கை. லண்டன் அரசு ஊழியர்கள் சுமார் 10,000 பேரை 1985 முதல் தொடர்ந்து கவனித்த ஒயிட்ஹால் ஆய்வு இந்த இரண்டையுமே காட்டியது. 50 வயதில் பருமனாக இருந்தவர்களுக்கு டிமென்ஷியா அதிகம் வந்தது. ஆனால் நோய் வந்தவர்களின் எடை, அது கண்டறியப்படுவதற்கு சுமார் 8 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது.

மூளையில் மாற்றம் தொடங்கும்போது வாசனை மங்கலாம், பசி குறையலாம். சமையல் என்பது எதை முதலில் போடுவது, எப்போது இறக்குவது என்று வரிசையாக நினைவில் வைக்க வேண்டிய வேலை. அந்த வரிசை குலைந்தால் அடுப்பங்கரைப் பக்கம் போகவே மனம் வராது. மனச்சோர்வும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

இளைத்தாலே மறதி நோய் என்று பயப்படாதீர்கள். தைராய்டு, காசநோய், புற்றுநோய், கட்டுக்குள் வராத சர்க்கரை, பொருந்தாத பல்செட், எதுவாகவும் இருக்கலாம். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை சிலருக்குப் பசியைக் குறைக்கும், நீண்ட நாள் எடுத்தால் பி12 வைட்டமின் சத்தையும் குறைக்கும். பி12 குறைந்தாலே ஞாபகம் மந்தமாகும், ஆனால் அது சரிசெய்யக்கூடியது. அதனால்தான் 6 முதல் 12 மாதத்துக்குள் தானாக 5 சதவீதம் எடை குறைந்தால், அதாவது 60 கிலோ இருப்பவர் 3 கிலோ இளைத்தால், டாக்டரிடம் காட்டச் சொல்கிறேன். "வயசானா இளைக்கத்தானே செய்யும்" என்று விட்டுவிடாதீர்கள்.

எனக்கு வருத்தம் தருவது இன்னொன்று. ஏற்கெனவே மெலிந்துவரும் பெரியவர்களுக்குச் சோறு கூடாது, முட்டை கூடாது, தேங்காய் கூடாது என்று பிள்ளைகளே பத்தியம் போடுகிறார்கள். அந்த வயதில் இளைக்கும்போது தசையும் சேர்ந்து கரைகிறது, நடை தள்ளாடுகிறது. சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு, ஒரு கிலோ எடைக்குத் தினமும் குறைந்தது 1 கிராம் புரதம் வேண்டும். பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் எல்லாம் தட்டில் இருக்கட்டும்.

அந்த அம்மாவுக்கு பி12 மிகக் குறைவாக இருந்தது. ஊசி போட்டோம். மதியம் உறவுக்காரப் பெண் ஒருவர் வந்து கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறார். நான்கு மாதத்தில் இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. மறதி முழுதாகப் போகவில்லை, அதற்கான பரிசோதனைகளும் சிகிச்சையும் தொடர்கின்றன. மகள் இப்போது மாதம் பிறந்ததும் அம்மாவை எடை மெஷினில் ஏற்றி, காலண்டரில் குறித்து வைக்கிறார்.