ரஸ்ட்டைத் துரு ஆக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிள்ளைகளுக்கான கணினி வகுப்பு ஒன்றின் அறிவிப்பு: ‘துரு மொழி கற்போம்’. வாட்ஸ்அப்பிலும் இதே துருதான் சுற்றுகிறது. ரஸ்ட் என்ற நிரல்மொழியைத்தான் இப்படிச் சொல்கிறார்கள்.

சொல்லின் கதை சின்னது. 2006-இல் கிரேடன் ஹோர் என்ற நிரலாளர் சொந்த முயற்சியாகத் தொடங்கியது, ஃபயர்பாக்ஸ் உலாவியின் மொசில்லா ஆதரித்தது, 2015 மே மாதம் 1.0 பதிப்பு வந்தது. பெயர் இரும்பிலிருந்து வரவில்லை. பயிரைப் பற்றும் துருநோய்ப் பூஞ்சையை நினைத்து வைத்ததாக ஹோரே சொல்லியிருக்கிறார். லேசில் சாகாத பூஞ்சை அது.

“அப்படியென்றால் துரு சரிதானே, நோய்க்கும் அதே சொல்தானே?” என்று கேட்பார்கள். வேளாண் அதிகாரிக்குச் சரி. 1869-இல் இலங்கையில் தலைகாட்டி, காப்பித் தோட்டங்களையே காலிசெய்த இலைத்துரு நோய் இன்று தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்? துரு என்றதும் அவர்கள் கண்ணுக்கு வருவது பழைய லயத்தின் தகரக் கூரையும், தாத்தா போட்டுவைத்த பால்மரம் சீவும் கத்தியும்தான். நம் பேச்சில் துருப்பிடித்தது என்றால் உதவாமல் போனது. ரஸ்ட்டோ அப்படியல்ல. கூகுள், மைக்ரோசாப்ட், அமேசான் எல்லாம் 2021-இல் ரஸ்ட் அறக்கட்டளையில் சேர்ந்தன. 2022 டிசம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே ரஸ்ட் நுழைந்தது. 2024-இல் அமெரிக்க ராணுவ ஆய்வு முகமையான டார்ப்பா, ‘சி’ என்ற மொழியில் எழுதிய பழைய நிரல்களைத் தானாகவே ரஸ்ட்டுக்கு மாற்றும் திட்டத்தை அறிவித்தது. இப்படி வளரும் மொழிக்கு நாம் வைத்த பெயர் துருவாம்!

பைதானை மலைப்பாம்பு என்று எழுதுகிறோமா? (அது பாம்பின் பெயரே அல்ல, ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் பெயர்.) மலாயில் துருவுக்குக் ‘காராட்’ என்ற சொல் இருக்கிறது, அதற்காக மலாய்க்காரர்கள் ரஸ்ட்டைக் காராட் என்கிறார்களா? இடுபெயரை அப்படியே விடுங்கள். ‘ரஸ்ட் நிரல்மொழி’ போதும். தனித்தமிழ் ஆர்வத்தைப் பொதுச்சொற்களில் காட்டலாம், அங்கேதான் வேலை குவிந்து கிடக்கிறது.

அங்கேயும் கோளாறுதான். நிரல் வேண்டாமென்று விடுவித்த கணினி நினைவகத்தை மறுபடி தொடுவது, ஒதுக்கிய எல்லை தாண்டிப் படிப்பது போன்ற பிழைகள் சியில் எளிதில் நுழைந்துவிடும். ரஸ்ட்டில் முதல் வகையை, நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் தொகுப்பியே பெரும்பாலும் தொடக்கத்தில் மறித்துவிடும்; எல்லை தாண்டுவதை நிரல் ஓடும்போது ரஸ்ட் பெரும்பாலும் நிறுத்திவிடும். மைக்ரோசாப்ட் சரிசெய்த பாதுகாப்புக் கோளாறுகளில் சுமார் 70 சதவீதம் இந்த வகைதான். 2024 பிப்ரவரியில் வெள்ளை மாளிகை அறிக்கை வலியுறுத்தியதும், இந்தப் பிழைகளைத் தடுக்கும் மொழிகளுக்கு மாறுங்கள் என்றுதான். இப்படித் தடுக்கும் பண்புக்கு ‘நினைவகக் காப்பு’ என்ற சொல் அழகாகப் பொருந்தும். அதே அறிவிப்பிலோ ‘ஞாபகப் பாதுகாப்பு’ என்று போட்டிருக்கிறது. மொழிபெயர்ப்புப் பொறியிடம் கொடுத்து வாங்கியதைப் படித்துக்கூடப் பார்க்காமல் ஒட்டியிருக்கிறார்கள்; வல்லாரை லேகிய விளம்பரம் மாதிரி இருக்கிறது.