பிக்கப் கேபினுக்குள் தண்ணீர்: ஈரம் தெரியும் இடத்தில் பூசாதீர்கள்

மியான்மரின் தண்ணீர்த் திருவிழாவான திங்யான் முடிந்த மறுநாளே என் பட்டறை வாசலில் பிக்கப் வண்டிகள் வரிசை கட்டிவிடும். சித்திரை முதல் நாளுக்கு நாம் கோயிலில் நிற்கும் அதே நாட்களில்தான் யாங்கோன் தெருக்களில் பிக்கப்பின் பின்னால் ஏறி நின்று பிள்ளைகள் நனைகிறார்கள். மேடைகளிலிருந்து குழாய் குழாயாகப் பீய்ச்சும் தண்ணீர் மழையைப் போல மேலிருந்து மட்டும் விழுவதில்லை. பக்கவாட்டில், கீழிருந்து, கண்ணாடி இடுக்கில் என்று எல்லாத் திசையிலும் அடிக்கிறது. கேபினில் எங்கே ஓட்டை இருந்தாலும் அந்தச் சில நாட்களில் அது வெளிப்பட்டுவிடும். பிறகு மே நடுவில் பருவமழை பிடித்துக்கொண்டால் அக்டோபர் வரை விடாது. இடையில் கிடைப்பது ஏறக்குறைய ஒரே ஒரு வெயில் மாதம். அதை வீணாக்கிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வருகிறவர்களில் பலர் வைத்தியத்தையும் முடிவு செய்துகொண்டே வருகிறார்கள். "முன்கண்ணாடி ஒழுகுகிறது, ஓரத்தில் சிலிக்கன் வைத்துக் கொடுங்கள், போதும்" என்பார்கள். நான் வைத்துக் கொடுப்பதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக டிங்கர் வேலையும் கண்ணாடி வேலையும் பார்த்து வருகிறேன். ஈரம் தெரியும் இடத்திலேயே தண்ணீரும் நுழைந்திருந்த வண்டிகளை நான் அதிகம் கண்டதில்லை. தகட்டு மடிப்பு, கூரைத் துணி, ஒயர்க் கட்டு, கார்பெட்டின் அடிப்பஞ்சு என்று கிடைத்த வழியிலெல்லாம் ஊர்ந்துபோய், பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் தண்ணீர் உட்காரும்.

பெகுவிலிருந்து காய்கறி ஏற்றி வரும் அண்ணன் ஒருவர் ஓர் ஆடி மாதம் தன் இரட்டைக் கேபின் வண்டியைக் கொண்டுவந்தார். ஓட்டுநர் காலடியில் எப்போதும் ஈரம். "தம்பி, இரண்டு முறை காசு கொடுத்துக் கண்ணாடிக்குப் பூசியாயிற்று. முதல் மழைக்கே மறுபடியும் நனைகிறது" என்றார். கேபின் கதவைத் திறந்ததுமே ஊறிப்போன சாக்கின் வாடை அடித்தது. சீட்டுகளைக் கழற்றி, வாசற்படித் தகட்டை எடுத்து, கார்பெட்டைத் தூக்கினேன். முன்பக்கப் பஞ்சைப் பிழிந்தபோது கலங்கிய தண்ணீர் கொட்டியது. பின்சீட்டுக்குக் கீழே கை வைத்தால் அங்கும் சொதசொதவென்று இருந்தது. அவர் அதுவரை பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்ததே இல்லை.

என்னிடம் வேலை பழகும் பர்மியப் பையனை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்துக் கதவுகளைச் சாத்தினேன். வெளியே நான் ரப்பர் குழாயின் முனையில் எதையும் மாட்டாமல், தண்ணீர் சும்மா வழியும் அளவுக்குத் திறந்து, கீழிருந்து தொடங்கினேன். கதவின் அடி, கதவு ஓரம், முன்கண்ணாடி, பின்கண்ணாடி எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. பின்கூரையில் இருக்கிறதே, அந்த மூன்றாவது பிரேக் விளக்கு, அதன் மேல் வழியவிட்டு நாலைந்து நிமிடம் போயிருக்கும். பையன் உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டினான். கூரைத் துணியின் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு, பின்தூணின் மறைவில் இறங்கி, சீட் பெல்ட்டின் ஓரமாக நழுவி, வாசற்படியின் பள்ளத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அண்ணனின் வீட்டு வாசல் தெருவை நோக்கிச் சரிவு. இரவெல்லாம் வண்டியின் மூக்கு தாழ்ந்தே நிற்கும். பின்னால் புகுந்த தண்ணீர் முன்னால் வந்து தேங்கியதன் காரணம் அதுதான். விளக்கைக் கழற்றினால், அதன் அடியில் இருந்த பஞ்சு வளையம் பழைய அப்பளம் போல விரலில் உதிர்ந்தது. சுத்தம் செய்து, பியூட்டைல் என்னும் ஒட்டும் ரப்பர் பட்டை வைத்து, விளக்கைத் திரும்பப் பூட்ட அரை மணி நேரம் ஆனது. நனைந்த பஞ்சைக் காயவைக்கத்தான் ஐந்து நாள் ஆயிற்று.

இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் இருந்தால் போதும். ஆனால் மூன்று தவறுகளைச் செய்யாதீர்கள். கார்பெட் ஈரமாக இருக்கும்போதே தொடங்காதீர்கள். புதிய சொட்டு எது, பழைய ஈரம் எது என்று தெரியாமல் போய்விடும். மேலிருந்து தொடங்காதீர்கள், கூரையில் ஊற்றிய தண்ணீர் கீழே இறங்கும் வழியில் எல்லா இடுக்கையும் நனைத்துவிட்டால் குற்றவாளி யாரென்று சொல்ல முடியாது. அழுத்தமாகப் பீய்ச்சவும் வேண்டாம். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் நன்றாக இருந்தாலும் அதையும் தாண்டித் தண்ணீர் புகுந்து உங்களை ஏமாற்றும். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுமையாக வழியவிடுங்கள். உள்ளே சந்தேகமுள்ள இடங்களில் முகப்பவுடரைத் தூவி வையுங்கள். சொட்டு நடந்த தடம் அதில் கோடாகத் தெரியும்.

தண்ணீர் ஊற்றியும் அகப்படாவிட்டால் காற்றைக் கொண்டு தேடலாம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, புளோயரை வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வைத்து முழு வேகத்தில் ஓடவிடுங்கள். கேபின் பின்சுவரில் காற்று வெளியேறும் துவாரங்கள் இருந்தால் அவற்றை டேப்பால் மூடுங்கள். வெளியே சோப்பு நுரையை ஓரங்களில் தடவிக்கொண்டே வாருங்கள். ஓட்டை உள்ள இடத்தில் குமிழி கிளம்பும்.

நம் ஊர் வண்டிகளில் ஓட்டைகள் எங்கே வருகின்றன என்பதற்கு நம் ஊரின் பழக்கங்களே பாதிக் காரணம். ஆள் ஏற்றவும் மூட்டை கட்டவும் கூரையில் காரியர் மாட்டுகிறோம். துளை போட்டுப் போல்ட் முறுக்கியவர் அடியில் ரப்பர் வாசர் வைத்தாரா என்று எத்தனை பேர் பார்த்தோம்? சுமை ஆட ஆட அந்தத் துளை அகன்றுகொண்டே போகும். கூரையின் இரு பக்கமும் ஓடும் நீர்வடி பள்ளத்தில் தகடுகள் சேரும் இடத்தில் பூசிய சீலரும் அந்த ஆட்டத்தில்தான் வெடிக்கிறது. கதவில் பெரிய ஸ்பீக்கர் பொருத்தும்போது உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிடுகிறார்கள். கதவுக் கண்ணாடி வழியாகத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பே; அடியில் உள்ள துளைகள் வழியாக அது வெளியே போய்விட வேண்டும். அந்தத் தாள் கிழிந்தாலோ, அந்தத் துளைகளை மண் அடைத்தாலோ, தண்ணீர் கேபினுக்குள் திரும்பும். துளையைக் குத்திவிட ஒரு மூங்கில் குச்சி போதும்.

மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தைப் பாருங்கள். இலைச் சருகு அங்கே மக்கி வடிகாலை அடைத்திருக்கும். நிரம்பிய தண்ணீர் புளோயர் காற்று எடுக்கும் வழியில் உள்ளே இறங்கும். வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளில் இடப்பக்கத்துப் பயணியின் காலடி நனைந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஓட்டுநர் காலடிக்கு வேறு ஒரு காரணமும் உண்டு. 1970 டிசம்பர் 6 முதல் இந்த நாட்டில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளின் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. அதனால் ஓட்டுநர் சாலை ஓரத்தில் அமர்கிறார். நம் சாலைகளில் மழைநீர் தேங்குவதும் ஓரத்தில்தான். சக்கரம் வாரி அடிக்கும் அந்தத் தண்ணீர் தரைத் தகட்டின் ரப்பர் அடைப்பான்களையும், எஞ்சின் பக்கச் சுவரில் ஒயர் நுழையும் ரப்பர் வளையங்களையும் தேடிப் போகிறது. கூடுதல் விளக்குக்கு ஒயர் இழுக்க அந்த வளையத்தைக் குத்திக் கிழித்திருந்தால் மேலே எத்தனை பூசினாலும் பயன் இல்லை.

கதவு பீடிங்கைச் சோதிக்க ஒரு தாள் போதும். கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இறுக்கத்தோடு வர வேண்டும். சும்மா நழுவி வந்தால் அங்கே பீடிங் படிந்துவிட்டது, அல்லது கதவு தொய்ந்துவிட்டது. ரப்பருக்கு எஞ்சின் ஆயிலைத் தடவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆயில் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, சிலிக்கன் கிரீஸ் மெல்லியதாகத் தடவினால் போதும்.

மழையே இல்லாத நாளில் நனைகிறதா? அப்படியானால் ஏ.சி.யின் வடிகுழாய் அடைத்திருக்கலாம். அந்தத் தண்ணீர் நிறமும் மணமும் இல்லாமல் தெளிவாக இருக்கும். தொட்டால் வழவழப்பாகவும் இனிப்பு வாடையோடும் இருந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட். அதற்கு வேறு மருத்துவம், தாமதிக்காமல் காட்டுங்கள்.

சிலிக்கனை நான் ஏன் மறுக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கனில் வினிகர் வாடை அடிப்பது, காயும்போது அமிலம் விடும் வகை. பெயின்ட் போன தகட்டில் அதை வைத்தால் அதற்கு அடியில் துரு வேலையைத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு, அதன் மேல் வேறு பசை எதுவும் சரியாக ஒட்டாது. பிறகு முறையாகக் கண்ணாடி மாற்ற வருகிறவர் அதைச் சுரண்டி எடுக்கவே அரை நாள் போகும். கண்ணாடிக்குப் பாலியூரித்தேன் பசைதான் சரி. அதுவும் துருவை நீக்கி, பிரைமர் அடித்த பிறகு.

"கொஞ்சம் ஈரம்தானே அண்ணே, வெயில் வந்தால் காய்ந்துவிடும்" என்று சொல்லும் தம்பிகளிடம்தான் எனக்குக் கோபம் வருகிறது. யாங்கோனில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது; மோல்மேனில் 4,500-ஐயும் தாண்டும். கார்பெட் மேலே காய்ந்து தெரியும். அடிப்பஞ்சு ஐந்து மாதமும் ஊறிக்கொண்டே இருக்கும். அந்த ஈரம் இரவு மழையில் கண்ணாடி முழுவதும் உள்பக்கமாகப் பனி போலப் படியும். எதிரே வரும் விளக்கு மட்டும் தெரியும், சாலை தெரியாது. சீட்டுக்கு அடியில் ஓடும் கனெக்டர்கள் பச்சை பிடிக்கும். ஒரு குடும்பத்தின் வண்டியில் பின்சீட் பெல்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டின் மேல் ஸ்பானரை வைத்தேன். திருப்புவதற்கு முன்பே அது தகட்டோடு பெயர்ந்து வந்துவிட்டது. தகடு அடுக்கடுக்காக உரிந்திருந்தது. அந்தப் பெல்ட்டில் தினமும் பள்ளிக்குப் போன இரண்டு குழந்தைகளும் அப்போது என் வாசலில்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் அம்மாவைக் கூப்பிட்டு அந்தப் போல்ட்டைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவே இல்லை.

ஆகவே ஓட்டையை அடைத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, சீட்டைக் கழற்றி, பஞ்சை வெளியே எடுத்துக் காயப்போடுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது; நீங்களாகப் பிடுங்காமல் தெரிந்தவரிடம் விடுங்கள். அழுகிய பஞ்சைத் தூக்கிப் போடத் தயங்காதீர்கள். தரையில் துருவைத் தேய்த்து, பிரைமரும் பெயின்ட்டும் அடித்த பிறகே கார்பெட்டைப் போடுங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களும் கொஞ்சம் கேளுங்கள். 2024 செப்டம்பரில் யாகி புயலின் வெள்ளம் பல ஊர்களை மூழ்கடித்தது. வெள்ளத்தில் கிடந்த வண்டியை வெளியே பளபளப்பாக்குவது எளிது. சீட் நகரும் தண்டவாளத்தில் விரலை விட்டுப் பாருங்கள். பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி முழத்தில் வண்டல் கறை இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

பெகு அண்ணனின் வண்டியை ஒப்படைக்கும்போது நான்கு காலடியிலும் கார்பெட்டுக்குக் கீழே செய்தித்தாளை விரித்து அனுப்பினேன். தாள் நனைந்தால் சுருங்கிக் காட்டிக்கொடுக்கும். ஐப்பசியில் பிரேக் வேலைக்காக வந்தார். கார்பெட்டை அவரே தூக்கிக் காட்டினார். ஆடி மாதத்துத் தாள் மடிப்புக் கலையாமல் மொரமொரவென்று இருந்தது.