யார் முதலில் பேசியது? வீட்டு ரூட்டருக்குள் இருக்கும் தீச்சுவர்

மொரீசியஸின் ரோஸ் ஹில்லில் வசிக்கும் வாசகி ஒருவர் தம் வீட்டு ரூட்டரின் அமைப்புப் பக்கத்தை முதன்முறையாகத் திறந்திருக்கிறார். பதிவேட்டில் 'தடுக்கப்பட்டது' என்னும் வரி நூற்றுக்கணக்கில் நிறைந்திருப்பதையும், அவற்றுள் பெரும்பாலானவற்றில் 23 என்ற எண் இருப்பதையும் கண்டு அஞ்சி, "எங்கள் குடும்பத்தின்மீது யாருக்கு இவ்வளவு பகை?" என்று கேட்டு எழுதியிருந்தார்.

பகை எவருக்கும் இல்லை. இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4இல் இருக்கக்கூடிய இணைய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, வேகமான இணைப்புள்ள ஒரே கணினியிலிருந்து அந்த முகவரிப் பரப்பு முழுவதையும் 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்த்துவிட முடியும் என்று காட்டியது. அத்தகைய கருவிகள் இன்று நல்லவர் கையிலும் தீயவர் கையிலும் இரவு பகலாக ஓடுகின்றன. கடல் நடுவே சிறு தீவில் இருக்கிறோம் என்பது இதற்குக் காப்பாகாது. 2002 முதல் தென்னாப்பிரிக்காவையும் மலேசியாவையும் இணைக்கும் சேஃப் கடலடிக் கம்பி நம் பே ஜாகோதேயில்தான் கரையேறுகிறது. அதன் வழியே வரும் பொதிக்கு, அதாவது இணையத்தில் பயணிக்கும் சிறு தரவுத் துண்டுக்கு, மொரீசியஸ் தொலைவான ஊரே அன்று.

ஆகவே ரூட்டருக்கு வந்து சேரும் ஒவ்வொரு பொதியையும் உள்ளே விடலாமா என்று யாரோ முடிவு செய்ய வேண்டும். ரூட்டருக்குள் அதைச் செய்யும் பகுதியே தீச்சுவர். அந்த முடிவு எடுக்கப்படும் விதம்தான் எனக்கு இத்துறையிலேயே மிகப் பிடித்தமானது.

நம் ஊரில் ஒரே மனையில் பெற்றோர் கீழ்த்தளத்திலும் மகன்கள் மேல்தளங்களிலும் குடியிருக்கும் வீடுகள் ஏராளம். கேட் ஒன்று, தபால் பெட்டி ஒன்று, உலகத்துக்குத் தெரிந்த விலாசமும் ஒன்று. கேட்டருகே எப்போதும் பாட்டி அமர்ந்திருக்கிறார் என்று கொள்வோம். வீட்டிலிருந்து யார் எவருக்குக் கடிதம் எழுதினாலும் அவர் கண்ணில் படாமல் போகாது. பதில் வந்தால், "இது இரண்டாம் மாடிப் பேரன் நேற்றுக் கேட்டதற்கு வந்தது" என்று சொல்லி அவர் உள்ளே அனுப்புவார். எவரும் எழுதாத இடத்திலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமலே ஒதுக்கிவிடுவார்.

ரூட்டர் செய்வதும் இதுவே. உங்கள் கைபேசி ஓர் இணையதளத்தை நாடும்போது, புறப்படும் முதல் பொதியிலிருந்து ஐந்து செய்திகளை ரூட்டர் ஓர் அட்டவணையில் எழுதிக்கொள்கிறது: அனுப்புநரின் முகவரி, அவருடைய போர்ட் எண் (ஒரே முகவரிக்குள் எந்தச் சேவைக்கு என்று காட்டும் கதவு எண்), பெறுநரின் முகவரி, அவருடைய போர்ட் எண், இரண்டுக்கும் இடையிலான நெறிமுறை, அதாவது பேசும் முறை. வெளியிலிருந்து வரும் பொதியில் இந்த ஐந்தும் திசை மாறி அப்படியே பொருந்தினால் அது பதில். பொருந்தாவிட்டால் அழையா விருந்தாளி. இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு பேசும் டிசிபி நெறிமுறையில் ஒவ்வொரு பொதிக்கும் வரிசை எண் உண்டாதலால், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் இயங்கும் ரூட்டர்கள் அதையும் சரிபார்க்கின்றன. ஐந்து விவரங்களையும் ஊகித்துப் போலியாக ஒரு பொதியை ஒருவர் அனுப்பினாலும், வரிசை எண் எதிர்பார்த்த எல்லைக்கு வெளியே இருந்தால் அது செல்லாததாகக் குறிக்கப்படும்.

இதைவிட அழகான நுட்பம் ஒன்று உண்டு. வழியில் உள்ள ஏதோ ஒரு ரூட்டர், "உங்கள் பொதி என் பாதைக்கு மிகப் பெரியது" என்று அறிவிப்பு அனுப்பக்கூடும். அந்த ரூட்டருடன் நாம் ஒருபோதும் பேசியதில்லை. அட்டவணையில் அதன் பெயரே இராது. ஆயினும் நம் தீச்சுவர் அந்த அறிவிப்பை ஏற்கிறது. காரணம், பிழை அறிவிப்புக்குள் நாம் அனுப்பிய பொதியின் தலைப்புப் பகுதி ஒட்டப்பட்டு வருகிறது. தீச்சுவர் அறிவிப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் நம் உறையை அடையாளம் கண்டு, அட்டவணையோடு ஒப்பிட்டு, நம் உரையாடலுக்கு உறவுடையது என்று தெளிந்த பிறகே அனுமதிக்கிறது. இவ்வளவும் நொடியின் மிகச் சிறு பகுதியில், விலை மலிவான ஒரு பெட்டிக்குள் நடந்து முடிகிறது.

இந்த அட்டவணை நினைவகத்தில் மட்டுமே வாழ்வது. புயல் எச்சரிக்கை நாள்களில் மின்சாரம் போய் வந்தால் பேசிக்கொண்டிருந்த அழைப்பு அறுந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய வரிகள் தாமாகவே காலாவதியாகும்: லினக்ஸின் இயல்பமைப்பில், இணைப்பு ஏற்படுத்தாமலே அனுப்பும் யுடிபி நெறிமுறையில் பதில் வராத பொதிக்கு 30 விநாடி, நிலைபெற்ற டிசிபி இணைப்புக்கு 5 நாள்.

லினக்ஸின் இந்த வடிகட்டிப் பகுதியை 1998இல் தொடங்கியவர் ரஸ்டி ரஸ்ஸல் என்ற நிரலாளர். 2001இல் அது லினக்ஸ் 2.4 கருவோடு வெளிவந்து, இன்று எண்ணற்ற வீட்டு ரூட்டர்களுக்குள் இயங்குகிறது. எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் இத்தகைய மென்பொருளைப் பேணுவோருக்கு அரசுகள் சாலைக்கும் பாலத்துக்கும் ஒதுக்குவதுபோல நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பாட்டியின் குறை ஒன்றுண்டு: உள்ளிருந்து யார் எழுதினாலும் அவர் நம்பிவிடுவார். மலிவு விலைக் கண்காணிப்புக் கேமரா தானே வெளியே பேசத் தொடங்கினால் தீச்சுவர் வழிவிடும். யுபிஎன்பி என்ற வசதி இயக்கத்தில் இருந்தால், அதே கேமரா ரூட்டரிடம் கேட்டு வெளியாருக்குக் கதவே திறந்துகொள்ளும். அந்த வசதியையும், வெளியிலிருந்து ரூட்டரை நிர்வகிக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். ரூட்டரின் மென்பொருளைப் புதுப்பித்து, தொழிற்சாலைக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். கேமராக்களை விருந்தினர் வைஃபையில் தனியே வைப்பது நல்லது. வைஃபையின் பெயரை மறைத்தால் எவரும் நுழைய முடியாது என்று பலர் நம்புவது வெறும் மூடநம்பிக்கை: உங்கள் கைபேசி இணையும்போதே அந்தப் பெயரைக் காற்றில் சொல்லிவிடுகிறது.

வடிகட்டும் விதிகளை எழுதும்போது வரிசை முக்கியம். பெரும்பாலான ரூட்டர்கள் மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். கேமரா நேரத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் யுடிபி போர்ட் 123ஐ அனுமதித்துவிட்டு மற்ற யாவற்றையும் தடுக்க விரும்பினால், அனுமதி மேலேயும் தடை கீழேயும் இருக்க வேண்டும். மாற்றி எழுதினால் அனுமதி ஒருபோதும் படிக்கப்படாது. புதிய முகவரி முறையான ஐபிவி6க்கான தீச்சுவர் தனியே இயங்குகிறதா என்றும் பாருங்கள். அங்கே சாதனம் ஒவ்வொன்றுக்கும் பொதுவாகச் சொந்தப் பொது முகவரி உண்டு. ஒற்றைத் தபால் பெட்டியின் மறைவு இல்லை. அதற்காக, பிழை அறிவிப்புகளைச் சுமக்கும் ஐசிஎம்பிவி6 நெறிமுறை முழுவதையும் அடைத்துவிடக் கூடாது. ஐபிவி6இல் வழியில் உள்ள ரூட்டர்கள் பொதியைத் துண்டாக்குவதில்லையாதலால், மேலே சொன்ன 'மிகப் பெரியது' அறிவிப்பு வராமற்போனால் சில தளங்கள் பாதியில் நின்றுவிடும்.

இனி அந்த 23. அது டெல்நெட் என்ற பழைய நுழைவாயிலின் எண். 2016இல் மிராய் என்ற தீநிரல் அவ்வழியே கேமராக்களையும் ரூட்டர்களையும் தட்டி, சுமார் 60 தொழிற்சாலைக் கடவுச்சொற்களை முயன்று பார்த்துக் கைப்பற்றியது. அதன் மூல நிரல் அதே ஆண்டு பொதுவெளிக்கு வந்துவிட்டதால், அதன் வழித்தோன்றல்கள் இன்றும் தட்டுகின்றன. வாசகி கண்ட வரிகள் அந்தத் தட்டல்கள் நின்றுபோன இடங்கள். அவர் தேட வேண்டிய வரி வேறு: அனுப்புநர் முகவரி, வீட்டுச் சாதனங்களுக்கு ரூட்டர் பெரும்பாலும் தரும் உள்முகவரிபோல 192.168 என்று தொடங்கி, சென்று சேரும் போர்ட் 23 என்று முடியும் வரி. அப்படி ஒன்று வரிசையாகத் தென்பட்டால், அவர் வீட்டுச் சாதனமே ஊராரின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தச் சாதனத்தை மின்சாரத்திலிருந்து கழற்றுங்கள். மிராய் நினைவகத்தில் மட்டுமே தங்குவதால் கழற்றியவுடன் அழியும்; ஆனால் பழைய கடவுச்சொல்லோடு மறுபடி இணைத்தால் சில நிமிடங்களிலேயே திரும்பி வந்துவிடலாம் என்பதால், இணையத்தில் சேர்ப்பதற்கு முன்பே கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.