நன்கொடைக் கடிதத்தில் எதைக் கேட்கிறோம், யாரைக் காட்டுகிறோம்

தொண்டு நிறுவனங்களுக்கு நன்கொடைக் கடிதங்கள் எழுதித் தருவது என் தொழில். திருத்தித் தருமாறு என்னிடம் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, அறக்கட்டளை எந்த ஆண்டு யாரால் தொடங்கப்பட்டது, அதன் பதிவு எண் என்ன, எந்தெந்தப் பிரமுகர்கள் வந்து வாழ்த்தினார்கள் என்று ஒரு பக்கம் முழுவதும் சொல்லிவிட்டு, "தங்களால் இயன்ற உதவியை வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. எழுதியவருக்குத் தம் நிறுவனத்தின் மீதுள்ள பற்று அதில் தெரிகிறது. ஆனால் எவ்வளவு கொடுத்தால் என்ன நடக்கும் என்பது கடைசிவரை தெரியாததால், படிப்பவர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்.

"இயன்ற உதவி" என்பது பணிவான சொல்தான். ஆயினும் நாம் போட வேண்டிய கணக்கை அது நன்கொடையாளர் மீது சுமத்துகிறது. செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றுக்குக் கடிதம் எழுதியபோது, "சிறப்புக் குழந்தைகளின் மேம்பாட்டுக்கு" என்றிருந்த வரியை எடுத்துவிட்டு, காதுக்குப் பின்னால் அணியும் கருவிக்கான சிறு பேட்டரியைப் பற்றி எழுதினோம். அங்குள்ள குழந்தைகளுக்கு ஒரு பேட்டரி ஏறத்தாழ இரண்டு வாரங்கள்தான் வரும் என்பதால், இரண்டு காதுகளுக்கும் சேர்த்து ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 52 பேட்டரிகள் தேவைப்படுகின்றன. அவை தீர்ந்துபோன நாட்களில் அந்தக் குழந்தை ஆசிரியர் பேசுவதைக் கேட்க முடியாமல் வகுப்பில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவையும் சொல்லி, ஒரு குழந்தைக்கு ஓராண்டுக்கு ஆகும் தொகையைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே குறிப்பிட்டோம்.

ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்வது ஆயிரம் பேரைப் பற்றிச் சொல்வதைவிட மனத்தைத் தொடும் என்பது ஆய்விலும் தெரியவந்திருக்கிறது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவென்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகிய மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கையில் 5 டாலர் பெற்றவர்களில் ஒரு பிரிவினருக்கு மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றியும், இன்னொரு பிரிவினருக்கு ஆப்பிரிக்கப் பஞ்சத்தின் புள்ளிவிவரங்களையும் படிக்கக் கொடுத்தார்கள். சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலரும், புள்ளிவிவரம் படித்தவர்கள் 1.14 டாலரும் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் கொடுத்தது 1.43 டாலர்தான் என்பதை அறிந்த நாளிலிருந்து, புள்ளிவிவரங்களைக் கடிதத்தில் கலக்காமல் தனித்தாளில் இணைத்து வருகிறேன்.

இந்த ஆய்வைக் குழந்தையின் முகத்தைக் காட்டுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில் அந்தத் தவறை நான் செய்தேன். ஓர் இல்லத்துக்காக எழுதிய கடிதத்தில் ஒரு சிறுவனின் பெயர், படம், அவன் இல்லத்துக்கு வந்து சேர்ந்த சூழ்நிலை ஆகிய மூன்றையும் சேர்த்திருந்தேன். கடிதம் சென்ற வீடுகளில் ஒன்று அவனுடைய வகுப்புத் தோழனின் வீடு. தன் தாயைப் பற்றிப் பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று சொல்லி அவன் பல நாட்கள் பள்ளிக்குப் போக மறுத்தான். நன்கொடை நிறையவே வந்தது. அந்தப் பணத்தால் நான் செய்ததைச் சரிசெய்ய முடியவில்லை.

பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இப்போது நான் இல்லத்தின் சமையலரையோ விடுதிக் காப்பாளரையோ, அவருடைய சம்மதத்துடன், கதை சொல்பவராக ஆக்குகிறேன். பயனடைந்தவர் பெரியவராக இருந்தால், கடிதத்தை அச்சுக்கு அனுப்பும் முன் அவருக்கு வாசித்துக் காட்டி, இதை உங்கள் தெருக்காரர்கள் படித்தாலும் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கிறேன். வேண்டாம் என்று அவர் சொல்லும் வரி எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும் நீக்கப்படும்.

80ஜி என்று நன்கொடையாளர்கள் அறிந்திருக்கும் வரிச்சலுகையைக் குறித்தும் கடிதங்களில் பிழைகள் மலிந்திருக்கின்றன. "பாதிப் பணம் வரியில் திரும்பக் கிடைக்கும்" என்று எழுதுவது தவறு. பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குத் தரும் நன்கொடையில் 50 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு, வரிக்குரிய வருமானத்திலிருந்துதான் கழிக்கப்படுகிறது. 20 சதவீத வரி செலுத்துபவர் 10,000 ரூபாய் கொடுத்தால் அவருக்கு மிச்சமாவது 1,000 ரூபாயும் அதன் மீதான கூடுதல் தீர்வையும்தான். புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தச் சலுகையே கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடைக்காது. வெளிநாட்டில் வாழும் நம்மவர்களுக்கு எழுதும்போது இன்னும் கவனம் தேவை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தமிழராகவே இருந்தாலும் அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான் என்பதால், அதற்குரிய பதிவோ அரசின் முன் அனுமதியோ இல்லாத நிறுவனம் அதைப் பெறக் கூடாது.

நன்றிக் கடிதத்துக்கு நான் கூடுதலாக நேரம் ஒதுக்குகிறேன். ரசீதோடு அச்சிட்ட நன்றி வரி ஒன்றை அனுப்பிவிட்டு, அடுத்த ஆண்டு மறுபடியும் கேட்பதற்கு மட்டும் நினைவுகூரப்படுவதை நன்கொடையாளர் உணரவே செய்வார். செவித்திறன் பள்ளியின் இரண்டாம் ஆண்டுக் கடிதத்தில், சென்ற முறை 40 குழந்தைகளுக்குக் கேட்டோம், 31 பேருக்கே பணம் வந்தது என்று அப்படியே எழுதிவிடலாம் என்றேன். நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும் என்று அறங்காவலர்கள் தயங்கி, நீண்ட பேச்சுக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். கடிதம் போய்ச் சேர்ந்த வாரத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அஞ்சலட்டையில் ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதியிருந்தார்: மீதி ஒன்பது குழந்தைகளுக்கு எவ்வளவு ஆகும்?