'குவாலிஃபைட்' என்றால் நல்லதா?

போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தான் பங்கு வைத்திருக்கும் கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். "ஆடிட்டரே குவாலிஃபைட் ஒப்பீனியன் கொடுத்திருக்கார் சார், அப்புறம் என்ன பயம்?" என்றார்.

அவர் மேல் தவறில்லை. குவாலிஃபைட் டாக்டர் என்றால் முறையாகப் படித்தவர் என்றுதானே அர்த்தம்? தணிக்கையில் அந்தச் சொல் நேர் எதிர். "கணக்கு சரிதான், இந்த விஷயத்தைத் தவிர" என்று ஆடிட்டர் கொக்கி போட்டிருக்கிறார் என்று பொருள்.

அந்தத் 'தவிர'வைத் தேடினோம். பல வருடமாக வசூலாகாத ஒரு பாக்கிக்கு புரொவிஷன் (வராமல் போகலாம் என்று லாபத்திலிருந்து முன்கூட்டியே ஒதுக்கும் தொகை) போடவில்லை, அதனால் லாபம் இவ்வளவு கூடுதலாகக் காட்டப்பட்டுள்ளது என்ற தகவல் ஆறு வரி நீள ஒரே வாக்கியமாகக் கிடந்தது. தொகையைக் கழித்துப் பார்த்தால் லாபத்தில் பாதியைக் காணோம். பொய் ஒன்றும் எழுதவில்லை. மூச்சு வாங்காமல் படிக்க முடியாதபடி எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இது தற்செயலா? ஃபெங் லீ என்ற ஆய்வாளர் அமெரிக்கக் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை, வாக்கிய நீளத்தையும் கடினச் சொற்களையும் கணக்கிடும் ஃபாக் இண்டெக்ஸால் அளந்து 2008இல் வெளியிட்டார். லாபம் குறைந்த கம்பெனிகளின் அறிக்கைகள்தான் படிக்கக் கடினமாக இருந்தன. ஆடிட்டர்களான எங்களையும் யோக்கியர்கள் என்று சொல்ல மாட்டேன். தணிக்கைத் தரநிலையில் உள்ள வாசகத்தை அப்படியே ஒட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதே சந்தேகம் என்றால்கூட, 'கோயிங் கன்சர்ன் குறித்த மெட்டீரியல் அன்சர்டெய்ன்டி' என்றுதான் எழுதுவோம்.

ஆண்டறிக்கை கைக்கு வந்தால் வண்ணப் படங்களையும் தலைவர் உரையையும் தள்ளிவிட்டு, ஆடிட்டர் அறிக்கையில் 'குவாலிஃபைட் ஒப்பீனியனுக்கான அடிப்படை' என்ற தலைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உடனே இயக்குநர்கள் அறிக்கைக்குப் போங்கள். ஆடிட்டரின் ஒவ்வொரு ஆட்சேபனைக்கும் அவர்கள் விளக்கம் தர வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 134ஆம் பிரிவு.

ஆசிரியரின் கம்பெனி தந்திருந்த விளக்கம்: "தணிக்கையாளரின் குறிப்புகள் தம்மளவிலேயே தெளிவாக உள்ளன."

அவர் சிரித்துவிட்டார். பங்குதாரர்களின் பொதுக்கூட்டத்தில் கேட்க ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போனார்: அந்தப் பாக்கி எப்போது வரும், வராவிட்டால் லாபம் எவ்வளவு?