மலையேறி வரும் பால் சுறா: புட்டில் போவது எது, போகாதது எது

கொடைக்கானலில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டால், வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ சொல்லிவிட்டுப் பால் சுறா வரவழைப்பார்கள். "பச்சை உடம்புக்காரிக்குப் புட்டு செஞ்சு குடுங்க, பால் நல்லா ஊறும்" என்று அம்மாச்சியும் அத்தையும் பக்கத்து வீட்டு அக்காவும் ஒரே குரலில் சொல்வார்கள். அதில் இருக்கும் அக்கறை உண்மையானது. அந்த மீனைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயங்களும் உண்டு. பிரசவத்துக்கு வரும் குடும்பங்களிடம் நாங்கள் தினம் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறோம்.

முதலில் மீனைப் பாருங்கள். பால் சுறா என்பது தனி இனம். மூக்கு நீண்டு மெலிந்திருக்கும். வாயோரத்தில் நீளமான மடிப்பு இருக்கும். முதுகில் ஒரு பெரிய துடுப்பும், வாலை ஒட்டி மிகச் சிறிய இன்னொரு துடுப்பும் இருக்கும். நன்றாக வளர்ந்ததே பெரும்பாலும் 1 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் மேலே வந்து சேரும்போது பாதிப் பெட்டி தலையும் தோலும் இல்லாத துண்டுகள்தான். அப்படி வந்த துண்டு எந்தச் சுறாவுடையது என்று விற்பவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உள்ளங்கையை நன்றாக மிஞ்சும் அகலமான வட்டத் துண்டு பால் சுறாவாக இருக்க வாய்ப்பு குறைவு. "அண்ணே, முழுசா இருந்தா மட்டும் குடுங்க" என்று கேளுங்கள்.

முழு மீன் கிடைத்தால் மல்லாத்திப் போட்டு, இரண்டு பக்கத் துடுப்புகளுக்கும் நடுவே விரலால் தடவுங்கள். சின்னக் கீறல் ஒன்று தட்டுப்பட்டால் அது தொப்புள். ஆம், சுறாவுக்குத் தொப்புள் உண்டு. இந்த வகைச் சுறாக்கள் முட்டையிட்டுவிட்டுப் போவதில்லை. கருப்பையில் கொடியோடு குட்டியை வளர்த்துத்தான் ஈனும். பால் சுறாவின் கர்ப்பக் காலம் ஏறக்குறைய ஒரு வருடம், ஓர் ஈற்றுக்கு 1 முதல் 8 குட்டி. கீறல் ஆறாமல் திறந்திருந்தால் அது அண்மையில் பிறந்த குட்டி, ஒருமுறைகூடக் குட்டி போடாதது. மத்தி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு இழப்பை ஈடுகட்டிவிடும், சுறாவால் அது முடியாது. அந்தக் குட்டியை வாங்காதீர்கள்.

அடுத்தது நாற்றம். கடல்நீரின் உப்பு உடம்பிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடாமல் இருக்க, சுறா தன் ரத்தத்திலும் தசையிலும் யூரியாவைத் தேக்கி வைக்கிறது. தசையில் அது ஏறக்குறைய 2 சதவீதம். தோல் வழியாகச் சிறுநீர் கழிக்கும் மீன் என்ற பேச்சு தவறு, சுறாவுக்குச் சிறுநீரகம் உண்டு. உயிரோடு இருக்கும்வரை அந்த யூரியா அதற்குப் பாதுகாப்பு. செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை உடைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. பெட்டியைத் திறந்ததும் மூக்கில் குத்துவது அதுதான்.

மலை ஊரில் நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. "இங்கதான் குளிருதே, ஐஸ் எதுக்கு?" என்று மீனைத் தட்டில் பரப்பி வைத்துவிடுகிறார்கள். நமக்குக் குளிராகத் தெரியும் 15 டிகிரியில் பாக்டீரியா தாராளமாகப் பெருகும். மீன் இருக்க வேண்டியது 0 டிகிரியை ஒட்டி. 1 கிலோ மீனுக்கு 1 கிலோ உடைத்த ஐஸ், அடியில் ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு, உருகிய தண்ணீர் வடிய ஓட்டை. இப்படி வைக்காத கடையில் எந்த மீனும் வேண்டாம், சுறா வேண்டவே வேண்டாம். குடலெடுத்து ரத்தம் போகக் கழுவிய பிறகு ஐஸில் வைத்த சுறாவில் அம்மோனியா ஏறுவது நன்றாகத் தாமதமாகும். கண்ணைக் கரிக்கும் அளவுக்கு நாற்றம் வந்த மீனைப் புளித்தண்ணீரில் ஊறவைத்து மீட்கப் பார்க்காதீர்கள். புளி நாற்றத்தை அமுக்கும், கெட்டுப்போனதைத் திருப்பாது.

புட்டு என்ற பக்குவத்தை நம் பெண்கள் கண்டுபிடித்ததே இந்த யூரியாவைச் சமாளிக்கத்தான் என்று எங்களுக்குத் தோன்றும். அத்தனை கச்சிதமான முறை அது. கொதிநீரில் மஞ்சள்தூள் போட்டு மீனை வேகவைக்கிறோம், உப்புத்தாள் போன்ற தோலைச் சுரண்டி எடுக்கிறோம், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறோம், சதையை உதிர்த்து இறுகப் பிழிகிறோம். யூரியாவும் அம்மோனியாவும் தண்ணீரில் கரைபவை என்பதால் பெரும்பகுதி வெளியே போய்விடும். (கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே வேகவைப்பதைவிட இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக விடுங்கள்.)

இந்தப் பக்குவத்தால் துளியும் போகாத ஒன்று மீனில் இருக்கிறது. அது பாதரசம்.

அந்தச் சொல்லை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இங்கே இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. ஏரியின் தண்ணீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருந்ததை அதன்பின் வந்த ஆய்வு காட்டியது. ஆனால் தொழிற்சாலையில் கையாளப்பட்டது உருண்டோடும் உலோகப் பாதரசம், அதன் ஆவியை மூச்சில் இழுப்பதுதான் பெரிய ஆபத்து. சுறாவில் இருப்பது மீத்தைல் பாதரசம். நீரடிச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் பாதரசத்தை இப்படி மாற்றுகின்றன. அது மிதவை உயிர்களுக்குள் போய், அவற்றைத் தின்னும் சின்ன மீனுக்குள் சேர்ந்து, அதைத் தின்னும் பெரிய மீனுக்குள் குவிந்து, கடைசியில் சுறாவில் வந்து நிற்கிறது. அது தசைப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் வேகவைத்தாலும் வறுத்தாலும் பிழிந்தாலும் அப்படியே இருக்கும். கருவாடாக்கினால் தண்ணீர் வற்றுவதால் அதே எடைக்கு இன்னும் கூடும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சுறாக் கருவாடு வாங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒருவர் வாரத்துக்கு எடுக்கலாம் என்று உலக நிபுணர் குழு 2003இல் வகுத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் மீத்தைல் பாதரசம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 80 மைக்ரோகிராம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் பட்டியலில் சுறாவின் சராசரிப் பாதரசம் கிலோவுக்கு 0.979 மில்லிகிராம், மத்திக்கு 0.013. அந்தச் சராசரியில் ஒரு சுறா கிடைத்தால், 80 கிராம் புட்டிலேயே ஒரு வாரக் கணக்கு முடிந்துவிடும். மத்தியில் அதே அளவைத் தொட 6 கிலோ சாப்பிட வேண்டும். சின்னப் பால் சுறாவில் பெரிய சுறாவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் துண்டாக வாங்கும்போது எது என்று தெரியாதே.

இதில் மிக முக்கியமான காலம் பிரசவத்துக்குப் பின் அல்ல, முன். மீத்தைல் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய், உருவாகிக்கொண்டிருக்கும் மூளையைத் தாக்குகிறது. உடம்பில் சேர்ந்ததில் பாதி வெளியேறவே 50 முதல் 70 நாள் ஆகும். அதனால் கர்ப்பம் உறுதியான பிறகு நிறுத்துவது போதாது, பிள்ளைக்குத் திட்டமிடும்போதே சுறாவை நிறுத்துங்கள். தாய்ப்பால் வழியாகப் போவது இதைவிடக் குறைவு. முன்பு சுறா சாப்பிட்டுவிட்டோமே என்று பயந்து பால் கொடுப்பதை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். இனிச் சாப்பிடாமல் இருந்தால் போதும். சின்னப் பிள்ளைகளுக்கும் சுறா வேண்டாம்.

பால் ஊறுவதற்குச் சுறாதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். பிள்ளையை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை, இரவிலும் சேர்த்து, சரியாக வாய் பொருத்திக் குடிக்க விடுவதுதான் மருந்து. பால் போதவில்லை என்று வரும் பெண்களிடம் நாங்கள் முதலில் பார்ப்பது தட்டில் என்ன இருக்கிறது என்பதை அல்ல, பிள்ளை எப்படிப் பற்றியிருக்கிறது என்பதை. கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போகாமல் காம்பை மட்டும் கவ்வியிருந்தால் காம்பு வெடிக்கும், வலியில் அம்மா நேரத்தைத் தள்ளிப்போடுவாள், பால் குறையும்.

மீனே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வாரத்துக்கு 225 முதல் 340 கிராம்வரை மத்தி, நெத்திலி, அயிலை போன்ற சின்ன மீன்கள் தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது. சுறா கொழுப்பைக் கல்லீரலில் சேர்ப்பதால் அதன் சதையில் கொழுப்பு மிகக் குறைவு. மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா-3 மத்தியில்தான் நிறைய. சுறாக் கல்லீரல் எண்ணெய் மாத்திரையைக் கர்ப்பிணிகள் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது. வைட்டமின் ஏ அளவு மீறினால் கருவுக்கு ஊனம் வரலாம்.

அம்மாச்சி புட்டு செய்தே தீருவேன் என்றால் அயிலையில் செய்யச் சொல்லுங்கள். அரை கிலோ அயிலையைத் தலை, குடல் எடுத்து, மஞ்சளும் உப்பும் போட்டு 8 நிமிடம் வேகவையுங்கள். ஆறியதும் நடுமுள்ளை ஒரே இழுப்பில் உருவி, ஓர முட்களை விரலால் தேடி எடுங்கள். இதில் யூரியா இல்லை, பிழிய வேண்டியதில்லை. நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, 15 சின்ன வெங்காயம், பூம்பாறை மலைப்பூண்டு 20 பல் போட்டு வதக்கி, மீனை உதிர்த்துச் சேர்த்து, ஈரம் வற்றியதும் ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள் தூவி இறக்குங்கள். நல்லெண்ணெய் வாசமும் பூண்டு வாசமும் சுறாப் புட்டில் வருவது போலவே வரும்.